பேர் வெட்டிய தூக்குவாளி

ஞாயிறு
காலையிலேயே வெயில் மண்டையைப் பிளக்கிறது. கம்பெனியில் ஓ.டி. இல்லை. துணி துவைத்தாயிற்று. சாயங்காலம் ஹைவே ஓரத்துப் பழைய சாமான் சந்தை.

ஊரில் கேட்டால் நான் மெட்ராஸில் இருக்கிறேனாம். கோவில்பட்டிக்காரிக்கு இந்த இருங்காட்டுக்கோட்டை வெளிநாடுதான். நாடு திரும்பிய கொரியாக்காரர்களின் ரைஸ் குக்கர், வேலை போனவர்களின் சேஃப்டி ஷூ, கால் ஆடும் நாற்காலி, சந்தையில் எல்லாம் ஒரே தார்ப்பாயில்.

வாங்கியது: தோசைக்கல், கொசுவலை. வாங்காதது: கண்ணாடி (ரசம் போனது).

எல்லாம் நானும் பக்கத்துக் கட்டில் பேச்சியும் எடுக்கப்போகும் ரூமுக்கு. ஹாஸ்டல் சாம்பாரிலிருந்து விடுதலை. ஆனால் ரூம் ஓனர் பிடிவாதம்: "ஒண்டியா வர்ற பொண்ணுக்கு வூடு இல்லமா. ரெண்டு பேரா வா." பேச்சி கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஊருக்குப் போனவள். இன்னும் வரவில்லை. போனும் எடுப்பதில்லை. அவள் கிராமத்தில் சிக்னல் இருக்காது.

செவ்வாய்
மழை வருகிற மாதிரி போக்குக் காட்டிவிட்டுப் போய்விட்டது. கம்பெனி லைனில் பேச்சி இடத்தில் வேறு பெண். டெம்பரவரி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ரூம் ஓனர் கேட்டார். அடுத்த வாரம் என்றேன்.

பஸ் ஏறும்போது பேச்சி சொன்னது: "ஏட்டி, தோசக்கல்லு வாங்கி வையி. மொத தோச எனக்குத்தான்."

ஞாயிறு
சந்தை. தார்ப்பாயில் எங்கள் தூக்குவாளி.

ரூம் கிடைக்கும் முன்பே, புதிதாக வாங்கி, பாத்திரக்கடையிலேயே இரண்டு பேரின் பேரும் வெட்டி வைத்தது. யார் பேர் முதலில் என்று சண்டை. முந்திக்கொண்டவள் அவள். பேச்சி, கனகா. அவள் பெட்டியில்தான் இருந்தது.

"இது எங்க இருந்து வந்துச்சுண்ணே?"

"ஆஸ்டல் வார்டன் குட்த்துச்சுமா. பேரு வெட்டிகீது, எவனும் வாங்க மாட்டேன்றான். நீ எத்துக்கோ."

எடுக்கவில்லை. வார்டன் திருடி விற்றுவிட்டாள் என்று நேரே சண்டைக்குப் போனேன்.

"இன்னாமா கத்துற? அந்தப் பொண்ணேதான் போன் பண்ணுச்சு. நிச்சயம் ஆயிடுச்சாம், இனிமே வராதாம். சாமானெல்லாம் யாருக்குனா குட்த்துருங்கன்னுச்சு. உன்கிட்ட சொல்லல?"

"சொன்னா."

மாடிப்படி ஏறினேன். வார்டனுக்குப் போன் செய்ய மட்டும் சிக்னல் இருந்திருக்கிறது.

புதன்
தலைவலி. லீவு போடவில்லை. மெசேஜ் எழுதி அழித்தேன். திரும்ப எழுதினேன், அழித்தேன். ரூம் வேறு யாருக்கோ போய்விட்டது. கல்யாணம் பண்ணட்டும், நன்றாக இருக்கட்டும். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அழுகைதான் வருகிறது, கோபம்கூட வரவில்லை.

பேச்சி கட்டிலுக்கு ஆள் வந்தாயிற்று. தேனிப் பக்கத்துப் பெண். நிறையப் பேசுகிறாள்.

ஞாயிறு
தூறல். சந்தைக்குப் போகவில்லை. படுத்தே கிடந்தேன். கட்டிலுக்கு அடியில் தோசைக்கல் துருப்பிடிக்க ஆரம்பித்திருக்கிறது.

தேனிக்காரி சந்தைக்குப் போய் வந்தாள். கையில் பக்கெட், இன்னொரு கையில் அந்தத் தூக்குவாளி.

"அக்கா, இங்க பாருங்க, ஒங்க பேரு! கனகான்னு இருக்கு. பேச்சி யாருக்கா?"

"தெரியாது. பழசு வாங்கினா யார் பேராவது இருக்கும்."

கீழே போய் அதில் ஹாஸ்டல் சாம்பார் வாங்கி வந்து எனக்கும் ஊற்றினாள். சாப்பிட்டேன்.