ஓரத்தில் நின்ற கோடு

என் அன்புக்கும் வாய்ச்சண்டைக்கும் உரிய குணா அண்ணே,

பதிவு நாடா வந்துவிட்டது. செயற்கைக்கோள் நமக்காக ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்ததே, அதன் பதிவு. உன் கருமாதி முடிந்த மறுவாரம் பல்கலைக்கழகத்துக்குத் தபாலில் வந்தது. இத்தனை நாள் எங்கே கிடந்ததோ, பாழாய்ப்போன நாடா!

பட்டர்வொர்த் வீட்டில், உன் அம்மா, அதாவது என் பெரியம்மா, சோறு போட்ட மேசையில் நாம் போட்ட சண்டை ஞாபகம் இருக்கிறதா? எப்போதோ வெடித்த ஒரு நட்சத்திரத்தைப் பற்றித்தான் சண்டை. அதன் அதிர்ச்சி அலை இன்னும் வெளியே ஓடிக்கொண்டு, வழியில் உள்ள வாயுவைக் கொதிக்க வைக்கிறது. அதிலிருந்து வரும் எக்ஸ்ரேயைப் பிரித்துப் பார்க்க நமக்கு ஒரே வாய்ப்பு. வெளிச்சம் அதிகமுள்ள நடுப்பகுதியைப் பார்ப்போம் என்றேன் நான். நீ ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாய்.

“நடுவுல பழசும் புதுசும் கலந்து கெடக்கும் ரேணு. ஓரத்துலதான் இப்ப அடி விழுது. அதப் பாப்போம்லா.”

“அங்க ஒண்ணுமே தெரியாதுண்ணே. கெடச்ச சான்ஸ வேஸ்ட் பண்ணாத.”

“மொதல்ல சாப்பிடுங்க. நட்சத்திரம் எங்கயும் ஓடிடாது,” என்றார் பெரியம்மா.

செயற்கைக்கோள் நேரம் கேட்ட விண்ணப்பம் உன் பெயரில் இருந்ததால் நீ நினைத்ததே நடந்தது. தோற்றவர் ஒரு தட்டு மீ கோரெங் நூடுல்ஸ் வாங்கித் தர வேண்டும் என்று பந்தயமும் கட்டினோம். முடிவு தெரிவதற்குள் நெஞ்சுவலி உன்னைக் கொண்டுபோய்விட்டது. நட்சத்திரம் ஓடவில்லை. நீதான் ஓடிவிட்டாய்.

நிறமாலையைத் திரையில் போட்டுப் பார்த்தேன். மங்கல்தான், அதில் நான் சொன்னது பொய்யில்லை. ஆனால் ஆக்சிஜனின் கோடு நிமிர்ந்து நின்றது. அவ்வளவு சூட்டில் ஆக்சிஜன் தன் எலக்ட்ரான்களையெல்லாம் எப்போதோ இழந்திருக்க வேண்டும். இழக்கவில்லை, அதனால்தான் அந்தக் கோடு. அதிர்ச்சி அலை அந்த ஓரத்தைக் கடந்து அதிக காலம் ஆகவில்லை, அணுக்கள் மாற இன்னும் நேரம் கிடைக்கவில்லை. நீ சொன்னது அப்படியே இருந்தது. “அண்ணே” என்று பக்கத்து நாற்காலியைத் திரும்பியும் பார்த்துவிட்டேன். எனக்கு எப்போதுதான் புத்தி வரும்?

அன்றைக்கே ஃபெரிப் படகு ஏறிப் பட்டர்வொர்த்துக்குப் பெரியம்மாவிடம் போனேன். ஆக்சிஜனைப் பற்றி எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தேன். அவர் அதற்கு இடமே தரவில்லை.

“யாரு சொன்னது சரி? அத மட்டும் சொல்லு.”

“அண்ணன் சொன்னதுதான் பெரியம்மா.”

அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் எதிரே உட்கார்ந்தார்.

“அத அவன்கிட்ட சொன்னியா?”

அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம் அண்ணே. நீ சொன்னதுதான் சரி. நீ இருந்திருந்தால் இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டிருக்க மாட்டேன். “மங்கல், மங்கல்” என்று ஒரு வாரமாவது இழுத்தடித்திருப்பேன். அந்த ஒரு வாரச் சண்டை நமக்குக் கிடைக்காமல் போனதே என்றுதான் வயிறு எரிகிறது.

ஞாயிற்றுக்கிழமை பந்தய மீ கோரெங் பெரியம்மாவுக்குப் போகும். இனி ஒவ்வொரு ஞாயிறும் அந்த மேசையில் நான் இருப்பேன். உன் பக்கத்து வாதத்தையும் நானே பேசுவேன், விட்டுக்கொடுக்காமல்.

தோற்றுப்போன உன் தங்கச்சி,
ரேணு