அது யார் வைத்த குழம்பு?

3 ஜூன் 2025, செவ்வாய்

இன்றும் அஸ்வினி விரலைச் சூப்பினாள். "ம்மா, உனக்கு திடீர்னு இன்னா ஆச்சு? நாப்பத்தேழு வயசுல கை மணக்குது?" என்றாள். நான் பாத்திரம் துலக்குகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இந்த நோட்டிலாவது உண்மையை எழுதி வைக்கிறேன். அந்தக் கருவாட்டுக் குழம்பு நான் வைத்ததில்லை. ஒலக்கூரில் மின்வாரிய லைன்மேனாக இருக்கும் சகாயராஜ் வைத்தது. ஐந்து வாரமாக இந்தக் கூத்துதான் நடக்கிறது. செவ்வாயும் சனியும் காலை டவுன் பஸ்ஸில் அவர் தூக்குவாளியைக் கொடுத்து அனுப்புவார். கண்டக்டர் விருத்தாசலம் அதைத் திண்டிவனம் ஸ்டாண்டில் என்னிடம் தருவார். சாயங்காலம் லேப் வேலை முடிந்து வீட்டுக்குக் கொண்டுபோய் என் சட்டியில் ஊற்றிச் சுட வைத்தால், என் குழம்பு.

பெற்ற பெண்ணிடமே திருட்டுத்தனம். வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவள் சாப்பிடுகிற அழகைப் பார்த்தால் நிறுத்தவும் மனசு வரவில்லை.

5 ஜூன், வியாழன்

இன்று நானே ரசம் வைத்தேன். அஸ்வினி எழுந்து போய் ஊறுகாய் பாட்டிலை எடுத்துவந்தாள்.

8 ஜூன், ஞாயிறு

பூசையில் மனம் ஒட்டவில்லை. சாமியார் என்ன பிரசங்கம் செய்தார் என்று கேட்டால் முழிப்பேன்.

எனக்குச் சமைக்க வராது. சோம்பேறித்தனம் இல்லை, தினமும் ஐந்து மணிக்கு எழுந்து சமைக்கிறவள்தான். வராது, அவ்வளவுதான். அஸ்வினி அப்பா இருந்தவரை குறை சொன்னதில்லை, நன்றாக இருக்கிறது என்றும் சொன்னதில்லை. அவர் போய் ஒன்பது வருடம். அப்போது அஸ்வினிக்குப் பதின்மூன்று. அன்றிலிருந்து நானும் அவளும்தான். உப்பு கூடினாலும் குறைந்தாலும் தட்டைக் காலி செய்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள். இப்போது விழுப்புரத்தில் செல்போன் கடைக்கு வேலைக்குப் போகிறாள், டிபன் பாக்ஸ் இன்றைக்கும் காலியாகத்தான் திரும்பும்.

சகாயராஜ் லேப்புக்கு சுகர் டெஸ்ட்டுக்கு வந்தவர். வெறும் வயிற்றில் ஒரு தடவை ரத்தம் எடுப்போம், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு தடவை. நடுவில் எல்லோரும் ஓட்டலுக்குப் போவார்கள். இவர் மட்டும் பெஞ்சிலேயே டப்பாவைத் திறந்தார். அந்த வாசனைக்கு நான் ரத்தக் குழாயில் பேர் எழுதுவதையே மறந்துவிட்டேன். "ஒரு வாய் சாப்டு பாருங்க மேடம். வலிக்காம ஊசி போட்டீங்க, அதுக்கு" என்றார். சாப்பிட்டேன். அடுத்த தடவை எனக்கென்று தனி டப்பா வந்தது.

மனைவி மூன்று வருடம் படுக்கையில் இருந்தபோது கற்றுக்கொண்டாராம். அந்த அம்மா இறந்து பதினோரு வருடம், பிள்ளை இல்லை. ஈஸ்டர் முடிந்த வாரத்தில் கேட்டார், "எங்கூட வந்துடுறியா மேரி?"

அஸ்வினியிடம் சொல்லிவிட்டு வருகிறேன் என்றேன். அவளிடம் சொல்வதற்குப் பதிலாக அவர் குழம்பை ஊட்டிக்கொண்டிருக்கிறேன். ஊசியைக் கண்டு நடுங்குகிறவர்களைப் பார்த்து நான் சிரிப்பதுண்டு. என்னைப் போல ஒரு பயந்தாங்கொள்ளி உண்டா?

15 ஜூன், ஞாயிறு

மாட்டிக்கொண்டேன். கடையில் கூட வேலை செய்யும் அமலாவையும் இன்னும் இரண்டு பெண்களையும் அடுத்த ஞாயிறு சாப்பாட்டுக்கு அழைத்திருக்கிறாளாம். "எங்கம்மா கருவாட்டுக் கொழம்ப பத்திதான் கடையில பேச்சே" என்கிறாள்.

சகாயராஜுக்குப் போன் செய்தேன். "இதுக்குப் போய் பேஜாரு ஆவலாமா? காலையில மொத பஸ்ஸுல அனுப்பிடுறேன்" என்றார்.

22 ஜூன், ஞாயிறு

நேற்று அடித்த காற்றுமழையில் ஒலக்கூர் பக்கம் கம்பங்கள் சாய்ந்துவிட்டன. காலை ஆறு மணிக்குப் போன். "மேரி, நான் கம்பத்து மேல இருக்கேன். கொழம்பு வெக்கல."

கருவாட்டிலேயே உப்பு இருக்கிறது என்று யாருக்குத்தான் தெரியாது? எனக்கும் தெரியும். ஆனால் கை தானாக உப்பு டப்பாவுக்குப் போய்விட்டது. கரித்தது. தண்ணீர் ஊற்றினேன், சப்பென்று ஆனது. புளி கரைத்து ஊற்றினேன். அப்புறம் மிளகாய்த்தூள். ஐந்து பேருக்கு வைத்த குழம்பு ஐம்பது பேருக்கு ஆனது.

அந்தப் பெண்கள் நல்ல பிள்ளைகள். தண்ணீர் குடித்துக் குடித்துச் சாப்பிட்டு, "சூப்பர் ஆண்ட்டி" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அவர்கள் போனதும் அஸ்வினி சட்டிக்கு முன்னால் வந்து நின்றாள்.

"இது நீ வெச்சது."

"ஆமா."

"இருபத்திரெண்டு வருஷமா சாப்புடுறேன், எனக்குத் தெரியாதா? அப்ப அது யாரு வெச்சது?"

23 ஜூன், திங்கள்

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஒன்று விடாமல். குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாம, சோறு போட்டு பழக்கிக்கினு இருந்திருக்க. நாய்க்கு பிஸ்கோத்து போடுற மாதிரி."

"அப்டி இல்லடி—"

"அப்பா தட்டுலதாம்மா நான் தெனமும் சாப்புடுறேன். தெரியுமில்ல?"

தெரியும். தெரிந்துதானே அதில் சகாயராஜ் குழம்பை ஊற்றினேன். ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டேன்.

29 ஜூன், ஞாயிறு

"சாப்ட்டியா?" "வெளிய சாப்ட்டேன்." ஒரு வாரமாக வீட்டில் இவ்வளவுதான் பேச்சு. எனக்கு ஒரு ஆளுக்கு அளந்து சமைக்கத் தெரியவில்லை, தினமும் மிஞ்சுகிறது.

6 ஜூலை, ஞாயிறு

சகாயராஜ் பூசைக்குப் பிறகு பேசினார். "பொண்ணு மனசு நோவ வேணாம் மேரி. விட்டுடலாம்."

எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. ஒன்பது வருடமாக மாமியார் வீடு, அம்மா வீடு, அக்கம்பக்கம், லேப் முதலாளி என்று யார் மனசும் நோகாமல் நடந்தவள் நான். தலையில் கொஞ்சம் பூ வைக்கக்கூட நாலு பேர் முகத்தைப் பார்த்தவள். "நீங்க வேணா விடுங்க, நான் விட மாட்டேன்" என்று ரோட்டில் நின்று கத்திவிட்டேன். அவர் பயந்துபோய், "நானும் விடல, நானும் விடல" என்றார்.

பொய் சொன்னது தப்பு, அதற்கு அஸ்வினியிடம் மன்னிப்புக் கேட்பேன். ஆசைப்பட்டதற்குக் கேட்க மாட்டேன்.

13 ஜூலை, ஞாயிறு

மேலே எழுதியிருப்பதை அப்படியே அவளிடம் சொன்னேன்.

போனை எடுத்து நோண்டினாள். அப்புறம் நிமிராமலே கேட்டாள், "சரி. நம்ம வூட்டு சார்பா யாரு மாப்ள பாக்கப் போறது?"

"நீதான்."

"அப்ப அடுத்த ஞாயித்துக்கெழம வர்றோம்னு சொல்லு."

20 ஜூலை, ஞாயிறு

இப்படி ஒரு கூத்தை நான் கண்டதில்லை.

ஒலக்கூர் வீட்டில் சகாயராஜ் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுப் போட்டிருந்தார். காபித் தட்டைத் தானே ஏந்திக்கொண்டு வந்து வைத்துவிட்டு, எதிர் நாற்காலியில் தலையைக் குனிந்து உட்கார்ந்தார், பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் உட்கார்கிற பெண்ணைப் போல. அஸ்வினி கால்மேல் கால் போட்டுக்கொண்டாள்.

"குடிப்பீங்களா சார்?"

"வுட்டு ஆறு வருஷம் ஆச்சும்மா."

"சுகரு எவ்ளோ?"

"சாப்பாட்டுக்கு முன்னாடி நூத்தி நாப்பது. உங்கம்மாதான் டெஸ்ட் எடுத்தாங்க."

"எங்கம்மா சமையல் சாப்ட்டிருக்கீங்களா?"

அவர் என்னைப் பார்த்தார். "இல்லம்மா. நான்தான் குடுத்தனுப்புவேன்."

"நான் பொறந்ததுலேர்ந்து அதத்தான் சாப்புடுறேன். நீங்க ஒரு வாரம் சாப்டுங்க. தெனம் சாயங்காலம் எனக்கு போன் பண்ணி எப்டி இருந்துச்சுன்னு சொல்லணும். நெஜத்த சொல்லணும். அப்புறம் பேசிக்கலாம்."

அடிப்பாவி. என் சமையலை வைத்தா மாப்பிள்ளைக்குப் பரீட்சை?

உள்ளே கோழிக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. "ஒரு வாய் சாப்டுட்டுப் போலாமே" என்று இழுத்தார். அவள் காபியைக்கூடத் தொடவில்லை, தண்ணீர்தான் குடித்தாள். "சம்மதம் சொல்லாத வூட்டுல கை நனைக்கக் கூடாது சார். ஊருக்குப் போய் சொல்லி அனுப்புறோம்" என்று எழுந்துவிட்டாள். அவளோடு நானும் பட்டினியாகத் திரும்பினேன்.

21 ஜூலை, திங்கள்

ஓட்டலில் வாங்கி அனுப்பிவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. ஒரு பொய்க்குப் பட்டதே போதும். அதற்காக விசேஷமாக எதுவும் செய்யவும் மாட்டேன். என் சமையல் என்னவோ அதுதான் போகும். சாம்பார், பீன்ஸ் பொரியல். விருத்தாசலம் தூக்குவாளியை வாங்கிக்கொண்டு, "என்னாங்க மேடம், வண்டி ரிவர்ஸ்ல போவுது?" என்றார்.

22 ஜூலை, செவ்வாய்

கேப்பைக் களி, கீரைக் கடைசல். ரயிலிலிருந்து இறங்கி வரும்போதே அஸ்வினி காதில் போன். "கட்டியா? ஒடச்சா உள்ள மாவா? அது அப்டிதான் சார் இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தவள் என்னைப் பார்த்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

24 ஜூலை, வியாழன்

முட்டைக் குழம்பில் உப்பு சரியாக இருந்தது என்று அவர் சொல்லிவிட்டாராம். அஸ்வினி நம்பவில்லை. "இவரு பொய் சொல்றாரான்னு பாக்கணும்" என்று தட்டை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். ஒரு மாதம் கழித்து என் கையால் சாப்பிட்டாள். ஒரு வாய், இரண்டு வாய், தட்டு காலி. அப்புறம் போனை எடுத்தாள். "சார், உப்பு கம்மி. நீங்க அம்மாவுக்கு சப்போர்ட் பண்றீங்க."

நான் கொல்லைப்பக்கம் போய் அழுதுவிட்டு வந்தேன்.

26 ஜூலை, சனி

இன்று அரை மணி நேரம் பேசினார்கள். முழுக்க என் மல்லாட்டைத் துவையலைப் பற்றித்தான், வேர்க்கடலையைக் கருக்கிவிட்டேனாம். என்னைக் கிண்டல் செய்தே இருவரும் சிநேகமாகிவிட்டார்கள். கோபப்படலாம் என்று பார்க்கிறேன், சிரிப்புதான் வருகிறது.

27 ஜூலை, ஞாயிறு

ஏழாவது நாள். எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

"இப்ப சொல்லுங்க சார். இன்னா முடிவு?"

"சாப்பாடு சுமார்தாம்மா." என்றார். "ஆனா ஏழு நாளும் எனக்குன்னு ஒருத்தி காலையில எழுந்து ஆக்கி அனுப்புனா. எவ்ளோ வருஷம் ஆச்சு தெரியுமா? சமையல நான் பாத்துக்கிறேன். அவ வரட்டும்."

அஸ்வினி, "சரி, சொல்லி அனுப்புறோம்" என்று போனை வைத்துவிட்டாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

30 ஜூலை, புதன்

லேப்பில் ஒரு பெரியவர் கையில் ரப்பர் கட்டிக்கொண்டிருந்தேன். சகாயராஜ் போன். குசுகுசுவென்று பேசினார்.

"மேரி, பொண்ணு வந்திருக்கு. இன்னிக்கி லீவாம், தனியா பஸ் ஏறி வந்துச்சு. சாப்டுக்கினு இருக்கு. ரெண்டாவது தடவ சோறு கேக்குது. நீ வையி, நான் போய் கொழம்பு ஊத்தணும்."

கை நனைத்துவிட்டாள்! என் மகள் அந்த வீட்டில் கை நனைத்துவிட்டாள்! ஊசியைப் பிடித்தபடி நின்றேன், கண்ணீர் அது பாட்டுக்கு வழிகிறது. பெரியவர் பதறிப்போனார். "இன்னாம்மா அழுவுற? எனக்கு சுகரு அவ்ளோ ஜாஸ்தியா?"

24 ஆகஸ்ட், ஞாயிறு

கோயிலில் முதல் கல்யாண ஓலை வாசித்தார்கள். சகாயராஜ், ஒலக்கூர். இருதயமேரி, திண்டிவனம். இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம். அத்தனை தலையும் எங்கள் பக்கம் திரும்பியது. எனக்கு நிமிரப் பயம். அஸ்வினி முதுகை நிமிர்த்தி உட்கார்ந்துகொண்டு, திரும்பிய ஒவ்வொரு முகத்தையும் பதிலுக்குப் பார்த்தாள். அவளைப் பார்த்து நானும் நிமிர்ந்தேன்.

வெளியே வந்ததும் ஒரு அம்மா அவளை மடக்கி, "இந்த வயசுலயா?" என்று கேட்டார்.

"ஆமா ஆண்ட்டி. செப்டம்பர் பத்து. சாப்பாட்டுக்கு கண்டிப்பா வந்துடுங்க. எங்கம்மா சமைக்கல."

10 செப்டம்பர், புதன்

காலை பத்தரைக்குத் தாலி. சாட்சிக் கையெழுத்து அஸ்வினி.

21 செப்டம்பர், ஞாயிறு. ஒலக்கூர்

கல்யாணத்துக்குப் பிறகு விழுப்புரத்தில் ஹாஸ்டலில் தங்கிக்கொண்ட அஸ்வினி நேற்றே வந்துவிட்டாள். பூசையிலிருந்து வந்ததும் நான் வெங்காயத்தை எடுத்தேன், கையிலிருந்து பிடுங்கினாள். "நீ போய் படு மேரி" என்றார் இவர். இரண்டு பேருமாக என்னை அடுப்படியிலிருந்து துரத்திவிட்டார்கள். உள்ளே சண்டை நடக்கிறது. புளி போதும் என்கிறாள் அவள், போதாது என்கிறார் இவர். இன்னும் 'சார்' என்றுதான் கூப்பிடுகிறாள். இருக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை பகலில் கட்டிலில் காலை நீட்டிப் படுத்து, பேப்பரை முதல் பக்கத்திலிருந்து வரி விளம்பரம் வரை படித்து முடித்தேன். ஆயுளில் இதுதான் முதல் தடவை. இதையும் படுத்துக்கொண்டேதான் எழுதுகிறேன்.

"ம்மா, தட்டு வெச்சாச்சு, வா" என்று அவள் கூப்பிட்டாள். "மேரி, ஆறிப்போவுது" என்று இவரும் கூப்பிட்டுவிட்டார். நான் எழுந்திருக்கவில்லை. இன்னொரு தடவை கூப்பிடட்டும்.