முகட்டில் கட்டிய சிரட்டைகள்

மச்சான்,

பரணைக் குடைந்தபோது உன் பழைய சிரட்டை கைக்கு வந்தது. ரப்பர் பாலின் புளித்த நாற்றம் இன்னும் போகவில்லை. முதலில் உன்னைத் திட்டினேன், பிறகுதான் அழுகை வந்தது.

கச்சல் தீவில் கடல் உள்ளே வந்த காலையில் நாம் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தோம். "வாளியப் போட்டுட்டு மேல ஏறுடா, ஜல்தி!" என்று கத்தினாய். மலையேறிப் பிழைத்தோம். கீழே நாம் குடியிருந்த லயத்து வீடுகளோடு அதிலிருந்தவர்களும் கடலில் போனார்கள். உச்சியில் நின்று பார்த்தால், உன் கையில் இந்தச் சிரட்டை!

பிறகு வேறு தீவுக்கு, சௌல்தாரிக்கு வந்து வனத்துறையில் காட்டு வேலைக்குச் சேர்ந்தோம். வருஷா வருஷம் வெயில் ஏறி மழை தள்ளிப்போக, சரிவில் இருந்த மலைப்புறாக்கள் முகட்டுக்கு ஒதுங்கின. ஒரு கோடையில் அங்கிருந்த ஊற்றும் வற்றியது. கண்ணுக்குத் தெரிந்தது ஒரே கூடு, அதில் ஒற்றை முட்டை. நீ என்ன செய்தாய்? ரப்பர் மரத்துக்குக் கட்டுகிற மாதிரியே மரத்துக்கு மரம் சிரட்டை கட்டித் தண்ணீர் ஊற்றினாய். பால் வெட்டிய கை வேறென்ன செய்யும்?

"பானி இருந்தா பொழச்சிக்கும் மச்சான்" என்றாய்.

புறாவுக்கு முன்னால் காக்கைகள் வந்தன. அதுவரை முகட்டில் நாம் காக்கை கண்டதில்லை. தண்ணீருக்கு வந்தவை கூட்டையும் பார்த்துவிட்டன. நீ சிரட்டைகளை அறுத்தெறிந்துகொண்டே ஓடினாய், நான் கல்லெறிந்தேன். எட்டவில்லை. முட்டை போயிற்று. நீ அப்படியே உட்கார்ந்துவிட்டாய்.

"அன்னைக்கு நமக்கு ஏற ஒரு மலை இருந்திச்சி. இதுக இதுக்கு மேல எங்கடா ஏறும்?"

 போன வருஷம் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன பிறகு, அந்தக் கேள்வியோடு நான் தனியாக மல்லாடுகிறேன். பெரிய மனுஷன் மாதிரி கேட்டுவிட்டுப் போய்விட்டாய்.

இந்தக் கோடையிலும் மழையைக் காணோம். முகட்டில் மறுபடி ஒரு கூடு. காக்கைகளுக்கு வழி பழகிவிட்டது. உன் சிரட்டையோடு ஏறி வந்திருக்கிறேன். பயப்படாதே, கட்டவில்லை. தள்ளி உட்கார்ந்து, காக்கை நெருங்கும்போதெல்லாம் அதைக் கல்லில் தட்டுகிறேன். ஒவ்வொரு தட்டுக்கும் புறாவும் மிரள்கிறது. எழுந்து போய்விடுமோ என்று அடுத்த தட்டை மெதுவாக்குகிறேன்.

கீழேயிருந்து வனக் காவலர், "நீச்சே ஆவோ!" என்று இறங்கச் சொல்லிக் கத்துகிறார். அவர் கத்தட்டும். புறா இன்னும் முட்டைமேல்தான் இருக்கிறது. நானும் இறங்கவில்லை.