மீன்களை அனுப்பிவிட்டோம்

அன்புள்ள அப்பாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் உண்மையாக எழுதப் போகிறேன். மீன் தொட்டியைப் பற்றி எழுதும்போது அழகுபடுத்தாதே, கண்ணால் பார்த்ததை மட்டும் எழுது என்று நீங்கள்தான் பழக்கினீர்கள்.

மீன்களும் பவளங்களும் உயிரோடு கிளம்பின. நீங்கள் முதலில் இதைத்தான் தேடுவீர்கள் என்பதால் முதலிலேயே எழுதிவிட்டேன்.

போன மாதம் எனக்குக் காய்ச்சல் வந்ததை நான் எழுதவில்லை. நான் படுத்திருந்தபோது தொட்டியில் தண்ணீர் குறைந்திருப்பதை அம்மா பார்த்திருக்கிறாள். கடல் மீன்தானே என்று உப்புத் தண்ணீரைக் கரைத்து ஊற்றிவிட்டாள். தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு அப்படியே தங்கிவிடும், அதனால் குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாது. மறுநாள் பவளங்கள் எல்லாம் மூடிய கை மாதிரி சுருங்கிக் கிடந்தன. ஒரேயடியாகத் தண்ணீரை மாற்றினாலும் அவை தாங்காது என்று நான் அழுதேன். அம்மா வேலைக்கு லீவு போட்டுவிட்டு, ஒரு குவளை எடுப்பதும் ஒரு குவளை ஊற்றுவதுமாகப் பகல் முழுவதும் தொட்டியோடு நின்றாள். "இதுதான்டி உங்கப்பாவோட சின்ன வீடு. நான் சேவகம் பண்ணிட்டுக் கெடக்கேன்" என்றாள். நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். சாயங்காலம் பவளங்கள் விரியத் தொடங்கின.

அடுத்த மாதம் நானே வந்து பார்க்கிறேன், எல்லாம் நன்றாக இருக்கட்டும் என்று போன மாதம் நீங்கள் எழுதியிருந்தீர்கள். அதற்காகத்தான் தினமும் உப்பை அளந்தேன். கண்ணாடியில் படிந்த பாசியைப் பழைய பஸ் பாஸால் சுரண்டினேன். தொட்டி நன்றாக இருந்தால் நீங்கள் வருவீர்கள் என்று நினைத்தேன்.

ஞாயிறு காலை மணி அடித்ததும் ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். தொட்டிக் கடைக்காரர் மூடி போட்ட வாளிகளோடு நின்றார். "சார் அனுப்பினார். உங்ககிட்ட சொல்லலையா?" என்றார். "சொன்னாரு, உள்ள வாங்க" என்றாள் அம்மா. நீங்கள் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும்.

வலையால் மீன்களைப் பிடித்துக்கொண்டே அவர் என்னைப் பாராட்டினார். "கடையில நாங்ககூட இப்படி வெச்சுக்க மாட்டோம்மா. செத்துக்கித்துப் போயிருந்தா சார் புதுசா வாங்கியிருப்பார். நல்லா இருக்குன்னு நீ எழுதினியாமே, அதான் இதையே தூக்கிட்டு வரச் சொன்னார்" என்றார். பிறகு, "அங்க ஹால்ல புதுத் தொட்டியில ரெண்டு மாசமா வெறும் தண்ணி ஓடுது. பாப்பா பாவம், மீன் எங்க மீன் எங்கன்னு கண்ணாடியைத் தட்டிட்டே நிக்குது" என்றார்.

எந்தப் பாப்பா என்று கேட்டேன். "சாரோட பாப்பாதான்" என்றவர், எங்கள் முகத்தைப் பார்த்ததும் வாளிக்குள் குனிந்துகொண்டார்.

கட்டிலைப் போட்டால் நிற்க இடமில்லாத ஒற்றை அறை என்று எழுதினீர்களே, அந்த அறையில் ஹால் எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை. இரண்டு மாதம் என்று அவர் சொன்னதைத்தான் யோசித்தேன். புதுத் தொட்டியை வாரக்கணக்கில் சும்மா ஓடவிட வேண்டும், அவசரப்பட்டு மீனை விட்டால் செத்துப்போகும். இதுவும் நீங்கள் சொல்லிக்கொடுத்ததுதான். அப்படியானால், நானே வருகிறேன் என்று நீங்கள் எழுதிய அன்றே அந்தத் தொட்டி ஓடிக்கொண்டிருந்தது.

அம்மா சாதாரணமாகத்தான் பேசினாள். "பாப்பாவுக்கு என்ன வயசு?" என்றாள். நன்றாக நடக்கிறது, ஓடுகிறது என்று அவர் முனகினார். "அப்ப தொட்டிக்கு மூடி போடச் சொல்லுங்க. ஸ்டூல் மேல ஏறிக் கையை விடுற வயசு" என்றாள். ஹீட்டரையும் பம்ப்பையும் அவளே துடைத்துக் கொடுத்தாள். பம்ப்பை நிறுத்தியதும் வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. அவர் போன பிறகு தரையில் சிந்திய தண்ணீரைத் துடைத்தாள். காய்ந்த இடத்தில் உப்பு வெள்ளையாகப் பூத்ததால் திரும்பவும் துடைத்தாள்.

மீன்களை வாளியிலேயே வைத்து, உங்கள் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்திருப்பீர்கள். கோடு போட்ட சின்ன மீன் புது இடத்தில் முதலில் சாப்பிடாது. அதற்காக இரையை அதிகம் போட்டுத் தண்ணீரைக் கெடுத்துவிடாதீர்கள். கண்ணாடியைத் தட்டினால் மீன்கள் பயந்து கல்லுக்குள் ஒளிந்துகொள்ளும் என்று பாப்பாவிடம் சொல்லுங்கள். திட்டாமல் சொல்லுங்கள். அவளுக்கும் தெரியாதுதானே.

எல்லாம் நல்லபடியாக வளரட்டும். இனிமேல் தொட்டியைப் பற்றி எழுத என்னிடம் எதுவும் இல்லை. அதனால் நீங்களும் வேறு ஏதாவது கேட்டு எழுத வேண்டும். அம்மாவுக்குத் தனியாக ஒரு கடிதம் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மூத்த மகள்

பின்குறிப்பு: வெறும் தண்ணீருக்கு வெளிச்சம் எதற்கு என்று அம்மா இப்போதுதான் கேட்டாள். நீல லைட், வெள்ளை லைட் இரண்டையும் அணைத்துவிட்டேன்.