பால் விட்ட மீன் சூப்

நவம்பர் 4, செவ்வாய்

தூறல். நடந்தே சிவத்தின் தமிழ்க் கடைக்கு. வாங்கியவை: சல்மன் பெரிய துண்டு, தலையோடு. உருளைக்கிழங்கு, கரட், லீக்ஸ், பட்டர், கிரீம். டில் என்று மருமகள் ஐனோ எழுதித் தந்த தழை. மணந்து பார்த்தால் நம்முடைய சதகுப்பை.

ஐனோவுக்கு எட்டாம் மாதம். இரண்டு கிழமையாகச் சாப்பாடு ஒன்றும் இறங்கவில்லை. பிள்ளை சின்னது என்று மிட்வைஃப் சொன்னாளாம். பின்லாந்தில் அவளுடைய அம்மா வைக்கும் மீன் சூப் மட்டும் வேண்டுமாம். அவளால் நின்று சமைக்க ஏலாது. மகன் யூட் பஸ் ஓட்டப் போய்விடுவான். வள்ளத்தில் பத்துப் பேருக்குச் சமைத்த கை என்னுடையது. சரி என்றேன். கிரீம் மீனுக்குள் போகிறது என்று பிறகுதான் சொன்னாள்.

சிவத்திடம் வாய் விட்டேன்.

"மீனுக்க பாலோ? பிள்ளைத்தாச்சிக்கோ? அண்ணை, உங்களுக்கு விசரே?"

"அவையின்ர ஊரில எல்லாரும் குடிக்கினம்."

"அதுதான் அவை அவ்வளவு வெள்ளை."

கடை முழுக்கச் சிரிப்பு. நான் சிரிக்கவில்லை. மன்னாரில் சவரி மாமா மீன் தின்ற வாயால் தயிர் குடித்தவர். உதட்டில் வெண்புள்ளி, பிறகு கை, பிறகு கழுத்து. அவர் மகளைப் பெண் கேட்டு வந்தவர்கள் படலை வாசலோடு திரும்பினார்கள். கடைசியில் வள்ளத்தையும் விற்றார். வாங்கினவன் கதை வேறு, அது நீளம்.

நவம்பர் 5, புதன்

குளிர். யூட் வெளிக்கிடும்போது: "அப்பா, அவ சொல்லுற மாதிரியே செய்யுங்கோ. சொதி வைச்சுப்போட்டு சூப் எண்டு குடுக்காதேங்கோ."

எப்படிக் கண்டுபிடித்தானோ. எடுத்து வைத்த தேங்காய்ப்பால் பேணி திரும்ப அலுமாரிக்குள்.

பட்டரில் லீக்ஸ். மீன்தலை அவித்த தண்ணீரில் கிழங்கும் கரட்டும். கராம்பு மணக்கும் குண்டு மிளகு ஐந்து. கிழங்கு வெந்ததும் கிரீம். மீன் கடைசி. போட்டு அடுப்பை அணைத்து மூடினால் அந்தச் சூட்டிலேயே வெந்துவிடும். மேலே சதகுப்பை.

கிரீம் விட முன் சிலுவை போட்டுக்கொண்டேன். புளி இல்லை, தூள் இல்லை. பிரேதம் கழுவின தண்ணீர் மாதிரி வெளுத்துக் கிடந்தது.

ஐனோ இரண்டு கோப்பை. கண் கலங்கிவிட்டாள். "நல்லம், மாமா. அம்மா மாதிரி."

நவம்பர் 7, வெள்ளி

நேற்றும் அதே சூப். மறுநாள்தான் ருசி கூட என்பார்களாம் அவள் ஊரில்.

இன்று காலை உள்ளங்கையைச் சொறிந்துகொண்டிருந்தாள். உள்ளங்காலும். பிடித்துப் பார்த்தேன். புள்ளி இல்லை, தடிப்பு இல்லை. தோலுக்கு உள்ளே கடிக்கிறது என்றாள். சவரி மாமாவின் உதடு கண்முன் வந்தது.

மிச்சச் சூப்பைத் தொட்டிக்குள் ஊற்றிக் குழாயைத் திறந்துவிட்டேன். வெள்ளை போக நேரம் எடுத்தது.

"சூப்?"

"முடிஞ்சுது, பிள்ளை."

மிட்வைஃபுக்கு போன் எடுக்கவா என்று கேட்டாள்.

"வேண்டாம். சாப்பாட்டால வந்தது. தானா அடங்கும். யூட்டுக்கும் சொல்லாதை, என்னைத்தான் கத்துவான்."

தலையாட்டினாள். நான் சொன்னால் நம்புகிற பிள்ளை.

நவம்பர் 8, சனி

காற்று. பின்வேலி சாய்ந்துவிட்டது. வேப்பிலையும் மஞ்சளும் வாங்கப் போனேன். எதற்கென்று சொன்னேன். சிவம் முகத்தில் பகிடி இல்லை. "நான் சொன்னனான்தானே, அண்ணை."

அவித்த தண்ணீரில் கைகால் கழுவினாள். அரிப்புக் கூடிற்று. நகத்தை ஒட்ட வெட்டிவிட்டேன். பிறகு சீப்பால் சொறிகிறாள். குதிக்காலில் ரத்தம். யூட் வந்தால் காலுக்குக் கம்பளி மேஸ், கை சட்டைக்குள். நான் சொல்லிக்கொடுத்தது.

யூட்: "என்ன ரெண்டு பேரும் ஒரு மாதிரி இருக்கிறியள்?"

"ஒண்டுமில்லை." இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

நவம்பர் 9, ஞாயிறு

நல்ல வெயில். அதனால்தான் தெரிந்தது. ஜன்னலடியில் அவளுடைய வெள்ளைமுழி மஞ்சளாக. நேற்றைய மஞ்சள் தண்ணீர் தெறித்ததாக்கும் என்று துணி நனைத்துக்கொண்டு போனேன். முழிக்குள் இருக்கிற மஞ்சளை எந்தத் துணியால் துடைக்கிறது?

"மாமா, பேபி இண்டைக்கு ஆடேல்லை."

யூட்டைக் கூப்பிட்டேன். பூசைக்கு உடுத்திக்கொண்டு நின்றவன் ஆஸ்பத்திரிக்கு போன் எடுத்தான். அங்கிருந்த பெண் கேட்டவை: உள்ளங்கையா, உள்ளங்காலா, கண் மஞ்சளா, பிள்ளை அசைகிறதா. உடனே வரட்டாம். மீனைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. பாலைப் பற்றியும் இல்லை.

ஆஸ்பத்திரி. ஈரல் வருத்தமாம். சில பிள்ளைத்தாச்சிகளுக்கு வருமாம். தாய்க்கு அரிப்பு, வயிற்றுப் பிள்ளைக்கு ஆபத்து. சூப்பாலோ என்று கேட்டேன். "சாப்பாட்டால வாறதில்லையாம், அப்பா," என்றான் யூட். எனக்கு ஆறுதல் சொல்கிறானாம்.

வயிற்றில் பட்டி கட்டினார்கள். பிள்ளையின் இதயத்துடிப்பு கேட்டது. ஓடும், பிறகு இளைக்கும், பிறகு ஓடும். எப்போது தொடங்கியது அரிப்பு என்று டொக்டர் கேட்டார். ஐனோ என்னைப் பார்த்தாள்.

"யெஸ்டர்டே."

எனக்காகத்தான். அந்த இங்கிலீசு எனக்கு விளங்கும். டொக்டர் எழுதப் பேனையை எடுத்தார்.

"இல்லை," என்றேன். "வெள்ளிக்கிழமை. எனக்குக் காட்டினவள். நான்தான் ஒருத்தருக்கும் சொல்ல வேண்டாமெண்டனான். டொக்டருக்குச் சொல்லு, மோனை."

யூட் என்னைப் பார்த்தான். பிறகு இங்கிலீசில் சொன்னான், ஒவ்வொரு சொல்லாக. டொக்டர் எழுதவில்லை. எழும்பிக் கதவைத் திறந்து ஆட்களைக் கூப்பிட்டார். கட்டிலின் சில்லுப் பூட்டை விடுவித்தார்கள். பிள்ளையை உடனே வெளியே எடுக்க வேண்டுமாம்.

தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். யூட்டும் கூட. என்னை வா என்று ஒருவரும் சொல்லவில்லை.