ஓடாத தறியில் முக்கால் முழம்

அல் கூஸ், துபாய்
12.3.1995

தம்பிக்கு,

அன்புள்ள என்று எழுதக் கை வரவில்லை.

கானாவுக்கு உன் வங்கி கடன் கொடுத்ததையும், அதற்காக அங்கே அரசாங்க மில் ஒன்றை மூடச் சொல்லி நீ ரிப்போர்ட் எழுதியதையும் போன கடிதத்தில் பெருமையாகச் சொல்லியிருந்தாய். "பல வருஷமாக ஓடாத தறிகள் அண்ணே, இரும்பு விலைக்குத்தான் போகும்" என்றாய்.

போயிற்று. நான் வேலை செய்யும் பழைய இரும்புக் குடோனுக்குத்தான் வந்து சேர்ந்தது. பெட்டியில் நீ எழுதியிருந்த அதே மில்லின் பெயர்.

நேற்று முதல் பெட்டியை உடைத்தோம். உன் ஓடாத தறியில் முக்கால் முழம் துணி நிற்கிறது. நீலமும் மஞ்சளும். பாவு அறுபடவில்லை, குறுக்கே ஓடும் நாடாக்கட்டையில் நூல் இருக்கிறது, எண்ணெய் இன்னும் கையில் ஒட்டுகிறது. நெய்துகொண்டிருந்தவனை நடுவிலேயே வெளியே அனுப்பியிருக்கிறார்கள். நீ அந்த மில்லுக்குள் போனாயா, இல்லை ஓட்டலில் உட்கார்ந்தே எழுதினாயா?

ஃபோர்மேன், "ஜல்தி பாய், ஜல்தி" என்று இரும்பு அறுக்கும் கட்டரோடு வந்தார். துணியை எடுக்கும்வரை தறியில் கை வைக்க விடமாட்டேன் என்று நின்றேன். இன்று முதல் எனக்கு அங்கே டூட்டி இல்லை. அதை விடு.

அப்பாவின் மில்லைப் பூட்டிய அன்று அவருக்குச் சாப்பாடு கொண்டுபோனவன் நீ. "தறியில இருக்கற துணிய மட்டும் முடிச்சுட்டு வந்துடறேன் சார்" என்று அவர் மேனேஜரிடம் கெஞ்சியதை அழுதுகொண்டே வந்து எங்களிடம் சொன்னவனும் நீதான்.

துணி இந்தப் பார்சலில் இருக்கிறது. மீதியை யார் நெய்வார்கள் என்று உன் அடுத்த ரிப்போர்ட்டில் எழுது.

உன் அண்ணன்