அம்மா சொன்னது ‘களஞ்சுட்டேனே’

இனயம்,
ஞாயிறு மாலை.

அன்புத் தம்பி ஜெனினுக்கு,

அக்கா டெல்சி எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதிவிட்டு மேலே போகத்தான் ஆசை, கை வரவில்லை. அம்மாவுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுதான் சரியில்லை, எனக்கும் அப்படியே. போனில் பேசினால் நான் திட்டிவிடுவேன், நீ வைத்துவிடுவாய். வாட்ஸாப்பில் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டாமல் புத்தகங்களைப் பற்றிய அபிப்பிராயத்தைக் கடிதமாக எழுது என்று நீதானே கேட்டாய். நம் ஊர் அனீஷ் லீவு முடிந்து நீ இருக்கிற தோஹாவுக்குத் திரும்புகிறான். அவன் கையில் கொடுத்துவிடுகிறேன்.

நீ அனுப்பிய மூன்று புத்தகங்களையும் முடித்துவிட்டேன். கருங்கல் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் வாசிப்பேன். மிச்சம், துணிக்கடையில் மத்தியானம் ஆள் வராத நேரத்தில். முதலாளி பார்த்தால் பில் புத்தகத்தை மேலே வைத்துக்கொள்வேன்.

அந்தத் தடித்த நாவல் எனக்குப் பிடிக்கவில்லை. பரிசு வாங்கியது என்று அட்டையில் போட்டிருக்கிறது, வாங்கிவிட்டுப் போகட்டும். அதில் வருகிற மீனவப் பெண் எந்நேரமும் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். மீன் ஏலத்துக்குப் போகவில்லை, கருவாடு காயப்போடவில்லை, யாரோடும் ஒரு சண்டை கிடையாது. நம் கரையில் ஒருத்தி அப்படி நின்றால் பேய் பிடித்துவிட்டது என்று மந்திரிக்கக் கூட்டிப்போவார்கள். கணவன் செத்தபிறகு அவளுக்கு வருகிற கோபம் மட்டும் உண்மையாக இருந்தது. அதற்குள் என் பொறுமை போய்விட்டது.

ஆரல்வாய்மொழி நர்ஸ் எழுதிய சுயசரிதை நல்ல புத்தகம். அலங்காரம் எதுவும் இல்லை. காற்றாலை சத்தத்தில் தூக்கம் வராமல், ரிட்டயர் ஆனபிறகு உட்கார்ந்து எழுதினாராம். தான் செய்த தப்புகளை ஒளிக்காமல் சொல்கிறார். நோயாளிகளைப் பற்றி எழுதும்போது மட்டும், அவர்கள் வீட்டுக்கே போய், ‘எழுதட்டுமா?’ என்று கேட்டிருக்கிறார். வேண்டாம் என்றவர்களை விட்டுவிட்டாராம். அழுதுகொண்டே வாசித்ததில் இறங்கவேண்டிய ஸ்டாப் தாண்டிப்போய், வெயிலில் திரும்பி நடந்தேன்.

மூன்றாவது நீ எழுதியது, நம் வீட்டுக் கதை. அப்பா வள்ளம் தள்ளுகிற இடத்தை நன்றாக எழுதியிருக்கிறாய். திருச்சி விடுதியில் உன் பேச்சைக் கேட்டு மலையாளத்தான் என்று கேலி செய்ததையும், லீவுக்கு வந்தால் இங்கே திருச்சிக்காரன் என்று கேலி செய்ததையும் வாசித்துச் சிரித்தேன். சிரித்த கையோடுதான் அந்தப் பக்கம் வந்தது.

பதிமூன்று வயதில் கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்தபோது, அம்மா பக்கத்து வீட்டு சகாயசெல்வி அக்காவிடம், “நான் அந்தப் பிள்ளையைக் கலைத்துவிட்டேனே” என்று சொல்லி அழுததைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டதாக எழுதியிருக்கிறாய். சென்னையில் எவனோ பிழை திருத்துகிறவன் நம் பேச்சு புரியாமல் மாற்றிவிட்டான் என்று முதலில் அவனைத் திட்டினேன். அடுத்த வரியை வாசித்தபிறகு திட்ட ஆளில்லை. அன்று முதல் அம்மா தந்த சோறு உனக்கு இறங்கவில்லை என்றும், உன்னையும் வேண்டாம் என்று நினைத்திருப்பாளோ என்று பயந்ததாகவும் எழுதியிருக்கிறாய்.

ஏலே, அம்மா சொன்னது ‘களஞ்சுட்டேனே’ என்று. சாவி தொலைந்தால் நாம் என்ன சொல்லுவோம்? களஞ்சு போச்சு. காதில் கிடந்த கம்மல் தொலைந்தால்? களஞ்சு போச்சு. எட்டு வயதில் விடுதிக்குப் போனவனுக்கு அந்த ஒரு சொல் களஞ்சு போச்சா?

அம்மா வயிற்றில் அடுத்த பிள்ளை இருந்தபோது நீ கைப்பிள்ளை. அம்மா மீன்கடவத்தைத் தலையில் வைத்துக்கொண்டு கருங்கல் சந்தைக்கு நடக்கிற வழியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் முன்பே குழந்தை போய்விட்டது. பெண் குழந்தை. சுமை தூக்காமல் இருந்திருந்தால் தங்கியிருக்கும் என்று தன்னையே குற்றம் சொல்லி இன்னும் அழுவாள். அந்த நர்ஸ் உறவில்லாத நோயாளிகளிடமே கேட்டிருக்கிறார். நீ பெற்றவளிடம் கேட்டாயா?

பங்குக்கோயில் நூலகத்துக்கு நீ அனுப்பிய பிரதிகள் இப்போது வீடு வீடாகச் சுற்றுகின்றன. போன வாரம் ஜெபமாலைக் கூட்டத்தில் ஒருத்தி அம்மாவிடம், “செசிலியக்கா, அத பாவசங்கீர்த்தனத்துல சாமியார்ட்ட சொல்லியாச்சா?” என்று கேட்டிருக்கிறாள். எதை என்று அம்மா கேட்டதும் எல்லாரும் ஜெபமாலையை உருட்டத் தொடங்கிவிட்டார்களாம். மறுநாள் நான் அவள் வீட்டு வாசலில் நின்று நாலு தெருவுக்குக் கேட்கிற மாதிரி பேசிவிட்டு வந்தேன். ஆனால் அம்மா அதன்பிறகு கூட்டத்துக்குப் போகவில்லை.

கூட்டத்தன்று வீட்டுக்கு வந்ததுமே அம்மா, “ஏட்டி, அவன் என்னப் பத்தி என்ன எழுதியிருக்கான்? ஒண்ணும் விடாம வாசி” என்றாள். வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன், கேட்கவில்லை. வாசித்தேன். ஊர்ப் பேச்சுக்கு அழுவாள் என்று பார்த்தேன். அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. “ஏட்டி, அப்ப எம்பிள்ள என்னப் பயந்தா வளந்தான்?” என்று கேட்டாள். அவள் இத்தனை காலமும், படித்த பிள்ளை, தன் மீன்வாடை பிடிக்காமல்தான் ஒட்டவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தாளாம். அதற்காகவே நீ வருகிற நாளில் இரண்டுதரம் குளிப்பாளாம்.

அடுத்த பதிப்பில் அந்தப் பக்கத்தைத் திருத்தவேண்டும் என்பது நான் கேட்பது. ஊருக்குப் பதில் சொல்ல நான் போதும். அம்மா எதையும் கேட்கவில்லை. என்னோடு பேசிவிட்டு, அம்மாவைக் கேட்டதாகச் சொல் என்று போனை வைத்துவிடுகிறாயே, அதை இனிச் செய்யாதே. அவள் நம்பருக்கே கூப்பிடு. மன்னிப்பு என்று ஆரம்பித்தால் அவள் பதறிப்போவாள். எதையாவது பேசு. விலைவாசி பேசு.

கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். நான் உன்னைத் திட்டிய இடங்களை எடுத்துவிடச் சொன்னாள், எடுக்கவில்லை. பிறகு பேனாவை வாங்கிக்கொண்டாள். கீழே கோணலாக இருக்கிற குருசு அவள் வரைந்தது. ஆசீர்வதித்து உன் நெற்றியில் போடவேண்டியதாம். நீ பக்கத்தில் இல்லாததால் தாளில் போட்டிருக்கிறாள்.

உன் அக்கா,
டெல்சி

✝